துப்பாக்கிக்குப் பூசிய சந்தனம்

அத்தியாயம் 6

"முகுந்தா, அங்க போயி வாயத் தொறக்காத. நான் கேட்டா மட்டும் பேசு" என்றார் விக்டோரியா அக்கா. எங்கள் காடி அப்போதுதான் பகாவ் ஊரைத் தாண்டியிருந்தது.

"நீங்கதான் என்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டீங்களே, அக்கா?"

"அதனாலதான் சொல்றேன்."

இப்படிப்பட்ட அம்மாளிடம் நான் சம்பளத்துக்கு இருக்கிறேன். செனாவாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துக் கண் குழிவிழுந்து கிடந்த என்னை, 'வா, காடி ஓட்டு, சாமான் தூக்கு' என்று கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். பழைய சாமான்களுக்கு வயது சொல்வதும் விலை சொல்வதும் அக்காவின் தொழில். கடிகாரம், கிராமபோன், சேகரிப்பவர்கள் உயிரை விடுகிற பழைய காற்றுத் துப்பாக்கி, எதுவானாலும் சரி. அதிலும் துப்பாக்கி என்றால், சிரம்பானில் லைசென்ஸோடு துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் தவுக்கே முதலாளிகூட அக்காவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் விலை போடுவார்.

போகிற இடத்தில் எல்லாம் ஏதாவது ஒரு தில்லுமுல்லு இருக்கும். அதைத் தோண்டி எடுக்காமல் அக்கா திரும்ப மாட்டார். அதற்குத் தனியாகக் கூலி கிடையாது. அவருக்கே கிடையாது, எனக்கு எங்கே.

இன்றைய தில்லுமுல்லு காலையில் என் கைப்பேசியில் வந்து சேர்ந்தது. தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த ரோகினி அழுதுகொண்டே பேசினாள். அவள் கணவன் திருச்செல்வம், புக்கிட் செரயா தோட்டத்து முனியாண்டி கோயிலைக் கவனித்துக்கொள்கிறவன். அந்தக் கோயிலில் ஒரு காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. ரப்பர் இருந்த காலத்தில் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது முனியாண்டிக்குக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனதாம். முனியாண்டிக்குச் சுருட்டு உண்டு, அரிவாள் உண்டு, துப்பாக்கி மட்டும் ஏன் கூடாது? வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு அதை வெளியே எடுத்து, மண்வெட்டி, புல்வெட்டி, மோட்டர் சைக்கிள் சாவி எல்லாவற்றோடும் வரிசையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவார்கள். பிறகு கோயில் அலமாரிக்குள் போய்விடும். லைசென்ஸ் திருச்செல்வம் பெயரில்.

இந்த வருஷ ஆயுத பூசைக்கு மந்தினிலிருந்து கேப்ரியல் என்ற சேகரிப்பாளர் வந்திருக்கிறார். துப்பாக்கியைப் பார்த்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் கூரையும் ஒழுகிக்கொண்டிருந்ததால், விற்றுக் கூரை போடலாம் என்று கமிட்டியும் தலையாட்டியது. நேற்று அவர் வாங்கிப் போக வந்தார். அலமாரியைத் திறந்தார்கள். கேப்ரியல் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது நான் பார்த்த துப்பாக்கி இல்லை" என்றார்.

அவ்வளவுதான். கோயில் தலைவர் முருகையா ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார். முனியாண்டியின் துப்பாக்கியை யாரோ மாற்றிவிட்டார்கள், சாவி வைத்திருக்கும் திருச்செல்வம் நாளை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் போலீஸ் பாலாயில் ரிப்போர்ட்டு என்று தோட்டம் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பு.

"அண்ணே, நேத்து சாயங்காலத்துலேருந்து இவரு ஒரு வாய் சோறு சாப்பிடல" என்றாள் ரோகினி. "செவத்தப் பாத்து உக்காந்திருக்காரு. ஸ்கூல் பஸ்ல எங்க மவளக் கேக்கறாங்களாம், ஒங்கப்பா சாமி துப்பாக்கிய வித்துத் தின்னுட்டாராமேன்னு. அந்தக் கோயிலுக்குப் போயி ஒத்த வாழப்பழம்கூட வீட்டுக்கு எடுத்துட்டு வராத மனுசன்ணே இவரு."

கேட்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிப்போர்ட்டு என்பது சும்மா மிரட்டல் இல்லை. லைசென்ஸில் ஒரு நம்பர், கையில் இருக்கும் துப்பாக்கியில் வேறு நம்பர் என்றால் இந்த நாட்டில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காற்றுத் துப்பாக்கியானாலும் துப்பாக்கிதான். திருச்செல்வம் இன்றைக்கே உள்ளே போவான்.

செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் சாலை. அதன் முடிவில் கோயில். மீசையை முறுக்கிக்கொண்டு முனியாண்டி நின்றார். மீசை இல்லாமலே அதேபோல் நின்றார் முருகையா. முன்னாள் மண்டோர், தோட்டத்து ஆட்களை மேய்த்து வேலை வாங்கியவர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, யாரையும் பேசவிடாத குரல்.

"நீங்கதான் மதிப்புப் போடற அம்மாவா? வாங்க. இதுல மதிப்புப் போட ஒண்ணுமில்ல. நல்லதப் போயி எங்கயோ வித்துட்டு, இந்தக் குப்பையக் கொண்டாந்து வெச்சிருக்கான். அதோ உக்காந்திருக்காரு பாருங்க, பெரிய மனுசன்."

திருச்செல்வம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்து எழுந்தான். சோர்வில் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"நான் எடுக்கலக்கா" என்றான்.

"அலமாரிக்கு எத்தன சாவி?" என்று கேட்டார் அக்கா.

"ரெண்டு. ஒண்ணு அவன்கிட்ட, ஒண்ணு என்கிட்ட" என்றார் முருகையா. "என் சாவி எங்க வீட்டுச் சாமி படத்துல தொங்குது. சந்தேகம்னா வந்து பாக்கலாம் லா."

தலைவர் சாவியை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மிச்சம் ஒரு சாவி. ஒரு ஆள். கணக்கு முடிந்தது என்கிற முகத்தோடு முருகையா நின்றார்.

துப்பாக்கி மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் கேப்ரியல், கையில் வெள்ளைப் பருத்தி உறை போட்டுக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"இதப் பாருங்க மேடம்" என்று கைப்பேசியை நீட்டினார். ஆயுத பூசையன்று எடுத்த படம். கருத்த குழல், எண்ணெய் ஏறிப்போன கரும்பழுப்புக் கட்டை, கட்டையில் குதிரைத் தலை முத்திரை. "ஹார்ட்வெல் கம்பெனி. பர்மிங்ஹாம்ல செஞ்சது. இத இப்படி ஒரு கோலத்துல, யாரும் கை வைக்காம, நான் பாத்ததே இல்ல. இப்ப இதப் பாருங்க."

மேசைமேல் கிடந்தது பளபளவென்று வெள்ளி மாதிரி மின்னியது. கட்டை மஞ்சளாக, வார்னிஷ் மினுமினுப்போடு இருந்தது. குதிரைத் தலை இல்லை. குழலின் பக்கத்தில் நம்பர் தங்க நிறத்தில் ஜொலித்தது. 8147.

"லைசென்ஸ்ல?" என்றார் அக்கா.

"3147க்கா" என்றான் திருச்செல்வம்.

"மூவாயிரத்து வரிசை முதல் உலகப் போருக்கு முந்தி" என்று கேப்ரியல் பெருமூச்சு விட்டார். "எட்டாயிரத்து வரிசை ரெண்டாவது போருக்கு அப்புறம். அது இங்கிலாந்துல பத்து வீட்டுக்கு ஒரு வீட்டுல கெடக்கும். ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்."

"ஓ, நம்ம அடையாள அட்டை ஐ.சி. மாதிரி" என்றேன் நான். "மொத நம்பரப் பாத்தாலே எப்பப் பொறந்ததுன்னு தெரிஞ்சிடும்."

"நான் கேட்டனா?" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

வாயை மூடிக்கொண்டேன். அக்கா துப்பாக்கியை எடுத்து உள்ளே குண்டு இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு குழலுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்துப் பார்த்தார். அது முனையில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கொக்கியைப் பெருவிரலால் தடவினார். கம்பெனி முகவரி பொறித்திருந்த இடத்தை லென்ஸ் வைத்துப் படித்தார். படித்துவிட்டு, "ம்" என்றார். அந்த 'ம்' எனக்குத் தெரியும். யாருக்கோ கஷ்டகாலம் தொடங்கிவிட்டது.

கைக்கடிகாரப் பட்டையில் அவர் எப்போதும் ஒரு தையல் ஊசி குத்தி வைத்திருப்பார். அதை எடுத்து நெம்புகோலின் கீல் இடுக்கில் விட்டுக் குடைந்தார். பழுப்பாக ஒரு நார் வந்தது.

"முகுந்தா, இது என்ன?"

கேட்டுவிட்டார்! "முடிக்கா. கொலகாரனோட முடி."

"இங்க யாருடா செத்தா? நாக்குல வெச்சிப் பாரு."

"அக்கா, துப்பாக்கிக்குள்ள கெடந்தத?"

"சம்பளம் வாங்கறல்ல?"

வைத்துப் பார்த்தேன். நாக்கு சுருண்டது. "புளிக்குது!"

"ம்" என்றார் அக்கா மறுபடியும். அடுத்து, கட்டையைக் குழலோடு இணைக்கும் திருகின் தலையில் ஊசியைக் கொண்டுபோனார். திருப்புளி மாட்டும் பள்ளத்திலிருந்து கெட்டியாக ஒரு துகள் பெயர்ந்தது. வெளியே மஞ்சள், நடுவே சிவப்பு, மறுபடி மஞ்சள். அதைத் தாளில் மடித்துக்கொண்டு எழுந்தார்.

"தலைவரே, கோயில ஒரு சுத்து சுத்திட்டு வரோம்."

"தாராளமா. ஆனா சாயங்காலம் நாங்க பாலாய்க்குக் கெளம்பணும்" என்றார் முருகையா, கடிகாரத்தைத் தட்டிக் காட்டி.

கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலுக்குப் போனதும் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அக்கா, உண்மையச் சொல்லுங்க. மாத்தினதா, மாத்தாததா?"

"நீ சொல்லு."

"மாத்தினதுதான். நம்பரே வேறல்ல?"

"நம்பர் போருக்கு அப்புறம்ங்குது. சரி. ஆனா அந்த நெம்புகோல் கொக்கி? போருக்கு அப்புறம் ஹார்ட்வெல்காரன் கொக்கி வெக்கறதயே விட்டுட்டான், பொத்தான்தான் வெச்சான். பொறிச்சிருக்கற முகவரியும் பழைய முகவரி."

"அப்ப ஒடம்பு தாத்தா ஒடம்பு, ஐ.சி. பேரனோட ஐ.சி.!"

"இன்னிக்கு மொத தடவையா உருப்படியாப் பேசிட்ட" என்றார் அக்கா. "கேப்ரியல் நம்பர மட்டும் பாத்துட்டு நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்துட்டாரு."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்படின்னா திருடன் வேற ஒரு பழைய துப்பாக்கியக் கொண்டாந்து, தப்பா நம்பர் அடிச்சி..."

"நில்லு. இது என்ன?" தாளைப் பிரித்துக் காட்டினார்.

மோந்து பார்த்தேன். நாக்கில் வைக்கச் சொல்வதற்குள் பதில் சொன்னேன். "சந்தனம். நடுவுல குங்குமம்."

"ஒரு நாள் பூசினதா இது? அடுக்கடுக்கா கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. வெளிய எவ்வளவு வேணாலும் தேக்கலாம், திருகுப் பள்ளத்துக்குள்ள எவன் தேப்பான்? நீயே சொல்லு, திருடன் வெளியூருலேருந்து கொண்டாந்த துப்பாக்கிக்கு வருஷா வருஷம் ஆயுத பூச செஞ்சது யாரு?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிடித்ததும் அந்தத் தொட்டிச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "மாத்தவே இல்ல! அதே துப்பாக்கி! அப்ப ஏங்க்கா இங்கயே நிக்கறோம்? போயி சொல்லிடலாம் வாங்க!"

"சொன்னா என்ன சொல்வாங்க? நம்பர் ஏன் வேறன்னு கேப்பாங்க. நம்பர யாரோ திருத்தியிருக்காங்கன்னா, அதுவும் சாவி வெச்சிருக்கறவன் தலையிலதான் விடியும். லைசென்ஸ் துப்பாக்கியில நம்பரத் திருத்தறது சின்ன விசயமா?" அக்கா தொட்டியைச் சுற்றிப் பார்வையை ஓட்டினார். "புளி போட்டுத் தேச்சது யாரு? அந்தத் தங்கப் பெயிண்ட் யாரோடது? அதான் வேணும்."

தங்கப் பெயிண்ட் என்றதும் என் கண்ணில் பட்டது. எனக்கு நேர் எதிரே, கோயில் பின்சுவரில் பதித்திருந்த உபயக் கல். தண்ணீர்த் தொட்டி கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள். எழுத்துப் பள்ளங்களில் எல்லாம் புதிதாகத் தங்க வண்ணம் ஏற்றியிருந்தார்கள். அடியில் வருஷம், 2018.

"அக்கா, அந்த எட்டப் பாருங்க!"

நம்மைப் போல் ஒரே இழுப்பில் எழுதிய எட்டு இல்லை அது. கல்லில் வெட்டியிருந்தது சாதாரண எட்டுதான். வண்ணம் ஏற்றியவர் பள்ளத்தை மீறி, தன் கைப்போக்கில் கீழே ஒரு வட்டம், மேலே ஒரு வட்டம் போட்டு, லட்டுமேல் லட்டு வைத்தாற்போல் எழுதியிருந்தார். துப்பாக்கியில் இருந்ததும் லட்டுமேல் லட்டுதான்.

அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவருடைய பாராட்டு எப்போதும் வலிக்கும்.

ஆனால் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "அக்கா, கோயில் வேலையெல்லாம் பாக்கறது திருச்செல்வம்தானே? பெயிண்ட் அடிச்சது அவனா இருந்தா?"

"எனக்கும் அதே பயம்தான்" என்றார் அக்கா. முகத்தில் விளையாட்டு இல்லை. "யாருன்னு கேட்டா, செஞ்சவன் வாயத் தொறக்க மாட்டான். இதுக்கு வேற வழி இருக்கு. வா. நான் என்ன சொன்னாலும் ஆமாம் போடு."

"அது எனக்குப் பழக்கம்தானே."

திரும்பிப் போனதும் அக்கா நேரே மேசைக்குச் சென்று துப்பாக்கியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கோயில் வாசலில் கமிட்டி ஆட்கள் சிலர் கூடியிருந்தார்கள்.

"என்னா வேல! என்னா வேல!" என்றார் சத்தமாக. "தலைவரே, திருட்டு கெடக்கட்டும். இந்தத் துப்பாக்கிய யாரோ மினுக்கியிருக்காங்க பாருங்க, இப்படி ஒரு கை வேலய நான் சிரம்பான்ல பாத்ததில்ல, கே.எல்.லயும் பாத்ததில்ல. மொகம் பாக்கலாம் போல இருக்கு. எழுத்துக்கு ஏத்தியிருக்கற தங்கம் ஒரு எடத்துல வழியல. முகுந்தா, நீ சொல்லு."

"ஐயோ, அத ஏன் கேக்கறீங்க" என்றேன் நான். "நான் பாத்தவொடனே யாரோ ஜப்பான்ல படிச்ச ஆளுன்னு நெனச்சேன்."

கேப்ரியல் வாயைத் திறந்தார். அக்கா அவர் காலை மிதித்தார். மூடிக்கொண்டார்.

"அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா, இப்பவே ஒரு மால போடணும்" என்றார் அக்கா.

நான் திருச்செல்வத்தைப் பார்த்தேன். அவன் கண்ணில் ஒன்றுமே இல்லை. "பூச முடிஞ்சி வெச்சதுதான்க்கா, நேத்துதான் மறுபடி தொறந்தேன். யாரு தேச்சாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றான்.

வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது.

"மாலயெல்லாம் எதுக்கு லா" என்றார் முருகையா.

அக்கா மெதுவாகத் திரும்பினார். "தலைவரே! நீங்களா?"

"சும்மா, ஒரு மத்தியானம் வந்து உக்காந்து தேச்சேன்." முருகையாவின் முகம் பூரித்துப் போயிருந்தது. "புளியும் சாம்பலும். குத்துவெளக்கு எப்படித் தேப்போம், அந்த மாதிரி. கட்டைக்கு சேண்ட்பேப்பர் போட்டு, தேருக்கு வாங்கின வார்னிஷ் மிச்சமிருந்துச்சு, ரெண்டு கோட்டிங் குடுத்தேன். நம்பர் மங்கிப் போயிருந்துச்சு. உபயக் கல்லுக்கு வாங்கின தங்கத்துல அதையும் எடுத்து விட்டேன். நம்ம கைராசி அப்ப..."

அங்கே நின்றார். அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

பிறகு கேப்ரியலின் குரல் மட்டும் ஈனமாக வந்தது. "புளியா?"

"புளிதான்" என்றார் அக்கா.

"சேண்ட்பேப்பரா? அந்தக் குதிரத் தலைக்கு மேலயா?" கேப்ரியல் வெள்ளை உறை போட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா பையிலிருந்து தின்னரும் பஞ்சும் எடுத்தார். குழலில் இருந்த தங்க நம்பரை ஒரு தேய் தேய்த்தார். லட்டுகளின் வலது பக்கம் இரும்பில் பள்ளமாக நின்றது. இடது பக்கம் பஞ்சோடு போய்விட்டது. அங்கே பள்ளமே இல்லை, வெறும் பெயிண்ட். பாக்கி நின்றது ஒரு மூன்று.

"3147" என்று நான் உரக்கப் படித்தேன். "லைசென்ஸ்ல இருக்கற அதே நம்பர். மாத்தல, திருடல, விக்கல. தலைவரு கண்ணாடி போடாம பெயிண்ட் அடிச்சிருக்காரு, அவ்வளவுதான்."

"நான் நல்லதுக்குத்தான் லா செஞ்சேன்" என்றார் முருகையா. குரலில் மண்டோர் இல்லை. "மோட்டர் விக்கறோம்னா கழுவிப் பாலிஷ் போட்டுத்தானே நிறுத்துவோம்? ஆள் வாங்க வரான், பளிச்சுனு இருந்தா கூடக் கெடைக்குமேன்னு..."

"சரி தலைவரே, அது தெரியாமச் செஞ்சது" என்றார் அக்கா. "நேத்து மைக்க எடுத்தீங்களே, அது? அப்ப ஒங்களுக்குத் தெரியும்ல, இது அதே துப்பாக்கிதான்னு?"

முருகையா தரையைப் பார்த்தார். "இவரு வந்து இது வேற துப்பாக்கின்னுட்டாரு. எல்லாரும் என் மொகத்தப் பாத்தாங்க. நான்தான் தேச்சுக் கெடுத்தேன்னு அந்த நேரத்துல எப்படிச் சொல்றது? திருடு போச்சுன்னு வாயில வந்துடுச்சு. போலீசு ரெண்டு கேள்வி கேட்டுட்டு விட்டுடும்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா?" திருச்செல்வம் தூணை விட்டு வந்தான். "என் பேருல லைசென்ஸ். உள்ள போயிருப்பேன் தலைவரே. ஒங்க கண்ணு முன்னாடி நேத்துலேருந்து உக்காந்திருக்கேன். நான் திருடலன்னு இந்தத் தோட்டத்துல தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். நீங்க மணியப் பாத்துட்டு நிக்கறீங்க. என் மவ இன்னிக்குக் காலைல பஸ்ஸ விட்டு அழுதுகிட்டே எறங்கியிருக்கா."

முருகையாவுக்கு முகமே இல்லை. கமிட்டி ஆட்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நேற்று அவர்களும்தானே தலையாட்டினார்கள். எனக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போலிருந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"மேடம்" என்றார் முருகையா, பேச்சை மாற்றும் ஆசையில். "இப்ப இதுக்கு என்ன மதிப்பு?"

"பழைய துப்பாக்கிக்கு மதிப்பே அந்தக் கருப்புலயும் கறையிலயும்தான் தலைவரே. புளியில பாதி போச்சு. சேண்ட்பேப்பர்ல மிச்சத்துல பாதி போச்சு."

"அப்ப பாக்கி?"

"பாக்கி முனியாண்டிக்கு. அவரு வித்துப் பொழைக்கறவரு இல்ல, வெச்சிக்குவாரு."

"கூரை?" என்று வாசலிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அது தலைவரோட உபயம்" என்றேன் நான். "கல்லு வெச்சுடலாம். பெயிண்ட் மட்டும் வேற ஆளு அடிக்கட்டும்."

முதல் தடவையாக யாரோ சிரித்தார்கள். முருகையா மறுக்கவில்லை. திருச்செல்வத்தின் பக்கம் திரும்பி, "செல்வம், மன்னிச்சிடுப்பா" என்றார். மெல்லிய குரலில், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

திருச்செல்வம் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கோயில் மூலையைக் கை காட்டினான். ஒலிபெருக்கிப் பெட்டி அங்கே இருந்தது.

"அதுல" என்றான்.

"செல்வம், தோட்டம் முழுக்கக் கேக்குமே..."

"நேத்து கேட்டுச்சே."

முருகையா அக்காவைப் பார்த்தார். அக்கா துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். கேப்ரியலைப் பார்த்தார். அவர் இன்னும் புளியிலிருந்து மீளவில்லை. வேறு வழியில்லாமல் போய்ப் பெட்டியைப் போட்டார். கூரைமேல் இருந்த குழாய் கரகரத்து, கீச்சென்று கத்தியது.

"தோட்டத்து மக்களுக்கு வணக்கம். கோயில் தலைவர் முருகையா பேசறேன். துப்பாக்கி விசயத்துல ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு..."

"யாரு செஞ்ச தவறு?" என்றான் திருச்செல்வம் பின்னாலிருந்து.

ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்தது.

"நான் செஞ்சது. துப்பாக்கிய யாரும் மாத்தல. நான்தான் புளி போட்டுத் தேச்சுக் கெடுத்துட்டேன். தெரிஞ்சும் நேத்து சொல்லாம இருந்துட்டேன். திருச்செல்வம் திருடல. அவன் மேல பழி போட்டது நான். அவன் மவகிட்ட யாரும் ஒண்ணும் கேக்காதீங்க. கேக்கறதா இருந்தா என்னக் கேளுங்க. மன்னிச்சிடுங்க."

மைக்கைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றார். திருச்செல்வம் பெட்டியருகே போய்த் தரையில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்தேன். நான்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், தூசிதான் என்று அக்காவிடம் சொல்லவும் தயாராக இருந்தேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அண்ணே, பசிக்குது" என்றான்.

பெட்டியை யாருமே அணைக்கவில்லை. அண்ணே, பசிக்குது என்று கூரைமேல் குழாய் சொன்னது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கும் செம்பனைக்கும் அந்தப் பக்கத்துச் சாலைக்கும் அது கேட்டது.

லயத்துப் பக்கம் ஒரு கதவு படாரென்று திறந்தது. ஒலிபெருக்கி எதுவும் இல்லாமலே ரோகினியின் குரல் வந்தது.

"அதான் நேத்துலேருந்து சோறு இருக்குல்ல! வந்து தொலைங்க! வந்திருக்கறவங்களையும் கூட்டிட்டு வாங்க!"

அக்கா துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் திருச்செல்வம் கையில் கொடுத்தார். "இன்னொரு சாவி?" என்று தலைவரைக் கேட்டார்.

"வீட்டுலேருந்து எடுத்தாந்து இவன்கிட்டயே குடுத்துடறேன்" என்றார் முருகையா.

"முகுந்தா, சாப்பிடலாமா?" என்றார் அக்கா.

அவர் கேட்டதில் எனக்கு உடனே பதில் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். ரோகினி வீட்டில் சோறு, கருவாடு, ரசம். திருச்செல்வம் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டான். அவன் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் தட்டு காலியாகக் காலியாக ரசம் ஊற்றினாள். நாக்கு சுருண்டது எனக்கு மட்டும்தான். அந்த ரசத்தில் எவ்வளவு புளி!